ஊழியக்காரர் சொன்னார், செய்தேன்: கணக்கு யார் கொடுப்பது?



இந்த மாதம் ஒரு கேள்வியோடு வருகிறேன். தேவமனிதன் என்று நீங்கள் முழுமனதோடு நம்புகிற ஒருவர் "இதைச் செய்" என்கிறார். நீங்கள் செய்கிறீர்கள். அது பெரிய அநியாயமாய் முடிகிறது. இப்போது பாவம் யார்மேல்? சொன்னவர்மேலா, செய்தவர்மேலா? "எனக்கு ஒண்ணும் தெரியாது, ஐயா சொன்னாரு, செஞ்சேன்" என்று நியாயாசனத்துக்கு முன்பாக நின்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமா?

இதை வெறும் வாதமாகப் பேசினால் ஆளுக்கொரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு சண்டைதான் வரும். ஆகவே நடந்த ஒரு சரித்திரத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவிலே மார்மன்கள் என்று அழைக்கப்படுகிற கூட்டத்தாரின் ஆரம்பகாலச் சரித்திரம் அது. அவர்களுடைய உபதேசம் நம்முடையது அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். அதைப்பற்றி இங்கே எழுதப்போவதில்லை, அது வேறு விஷயம். ஆனால் கீழ்ப்படிதல் என்கிற காரியத்தில் அந்த ஜனங்கள் போன தூரம் நம்மில் யாரும் போனதில்லை. அதனால்தான் அவர்களைப் பார்க்கவேண்டியதாயிருக்கிறது.

ஜோசப் ஸ்மித் என்பவர் 1805-ல் வெர்மாண்ட் மாநிலத்தில் ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு தூதன் தனக்குத் தரிசனமாகி, பொன் தகடுகள் இருக்கும் இடத்தைக் காண்பித்ததாகச் சொன்னார். 1830-ல் மார்மன் புத்தகத்தை அச்சிட்டு, அதே வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி நியூயார்க் மாநிலத்தில் தன் சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 24. சில வருஷங்களுக்குள்ளே ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துவிட்டார்கள். ஒஹையோவில் ஒரு கூட்டம், மிசௌரியில் ஒரு கூட்டம். மிசௌரிதான் சீயோன், எல்லாரும் அங்கே வந்து கூடவேண்டும் என்று ஸ்மித் சொன்னார். ஜனங்களும் நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

அந்த இடத்துக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. திடீரென்று ஒரு கூட்டம் வந்து நிலத்தை வாங்குகிறது, ஒரே ஆளுக்கு மொத்தமாய் ஓட்டுப் போடுகிறது, இது எங்களுக்குத் தேவன் கொடுத்த தேசம் என்கிறது. யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் கோபத்தோடு அவர்கள் நிற்கவில்லை. 1833-ல் ஜாக்சன் கவுண்டியிலிருந்து மார்மன்களை அடித்து விரட்டினார்கள். 1838-ல் இரண்டு பக்கமும் ஆயுதம் எடுத்தது. அக்டோபர் 27-ந் தேதி மிசௌரி கவர்னர் லில்பர்ன் பாக்ஸ் ஒரு உத்தரவு போட்டார். மார்மன்களை எதிரிகளாக நடத்தவேண்டும், அழிக்கவேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டே துரத்தவேண்டும் என்பது அந்த உத்தரவு. மூன்றாம் நாள் ஹான்ஸ் மில் என்ற சின்ன ஊரிலே 17 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதில் பத்து வயதுப் பையன் ஒருவனும் உண்டு. அந்த உத்தரவை மிசௌரி அரசு முறைப்படி ரத்துசெய்தது எப்போது தெரியுமா? 1976-ல்!

ஆகவே அவர்கள் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

மிசௌரியை விட்டு ஓடியவர்கள் இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பி நதிக்கரையின் சதுப்பு நிலத்திலே நாவூ என்று ஒரு பட்டணத்தைக் கட்டினார்கள். ஸ்மித் நியாயம் கேட்டு வாஷிங்டனுக்கே போய், ஜனாதிபதி வான் பியூரனைச் சந்தித்தார். ஒன்றும் நடக்கவில்லை. அரசாங்கம் நம்மைக் காப்பாற்றாது, நாமே நம்மைக் காப்பாற்றிக்கொள்ளவேண்டும் என்று அவர் தீர்மானித்தார். மனுஷனாகப் பார்த்தால் அதில் தப்புச் சொல்ல முடியாது. 1840-ல் இல்லினாய் சட்டசபை நாவூவுக்கு ஒரு சாசனம் கொடுத்தது. அதன்படி அவர்களுக்குச் சொந்த நகரசபை, சொந்த நீதிமன்றம், சொந்தப் படை. சபையின் தீர்க்கதரிசி ஸ்மித். 1842 முதல் மேயரும் ஸ்மித். நகர நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஸ்மித். படைக்கு லெப்டினண்ட் ஜெனரல் ஸ்மித். சபைச் சொத்துக்கெல்லாம் டிரஸ்டி ஸ்மித். 1844-ல் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கும் வேட்பாளராக நின்றார்.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அப்படிப்பட்ட ஊரிலே உங்களுக்கு ஒரு மனக்குறை வந்தால் எங்கே போவீர்கள்? சபையில் சொன்னால் அவர். நகரசபையில் சொன்னால் அவர். கோர்ட்டுக்குப் போனால் அங்கேயும் அவர். அவர் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவருக்கு விரோதமாய்ப் பேசுகிறவன் ஒரே நேரத்தில் அவிசுவாசியாகவும், துரோகியாகவும், சட்டத்தை மீறினவனாகவும் ஆகிவிடுகிறான்.

வில்லியம் லா என்பவருக்கு அதுதான் நடந்தது. அவர் ஸ்மித்துக்கு அடுத்த ஸ்தானத்தில் இருந்த ஆலோசகர். ஸ்மித் இரகசியமாய்ப் பல பெண்களை மணந்துகொண்டதையும், சபையையும் அரசையும் ஒன்றாக்கியதையும் அவர் எதிர்த்தார். சபையைவிட்டு நீக்கப்பட்டார். அவரும் சிலரும் சேர்ந்து 1844 ஜூன் 7-ந் தேதி ஒரு பத்திரிகையை வெளியிட்டார்கள். ஒரே ஒரு இதழ்தான் வந்தது. நகரசபை கூடி அது பொதுத்தொல்லை என்று தீர்மானித்தது. மேயர் ஸ்மித் உத்தரவு கொடுக்க, ஜூன் 10-ந் தேதி அச்சு இயந்திரத்தை உடைத்துப்போட்டார்கள். சுற்றிலும் இருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். கவர்னர் பாதுகாப்புத் தருவதாகச் சொன்னதை நம்பி ஸ்மித்தும் அவர் அண்ணன் ஹைரமும் கார்த்தேஜ் ஊரின் ஜெயிலுக்குள் போனார்கள். ஜூன் 27-ந் தேதி மாலை முகத்துக்குச் சாயம் பூசிய ஒரு கும்பல் புகுந்து இரண்டு பேரையும் சுட்டுக் கொன்றது. அந்தக் கொலைக்காக யாரும் தண்டனை பெறவில்லை.

மேய்ப்பனை வெட்டினால் மந்தை சிதறிவிடும் என்று அந்தக் கும்பல் நினைத்தது. சிதறவில்லை. காரணம், பிரிகாம் யங்.

யங் படித்தவரல்ல. தச்சுவேலையும், சாயம் பூசுகிற வேலையும், ஜன்னலுக்குக் கண்ணாடி போடுகிற வேலையும் செய்து பிழைத்தவர். ஆனால் ஜனங்களை நடத்துகிற வரம் அவருக்கு இருந்தது என்பதை விரோதிகளும் ஒத்துக்கொண்டார்கள். 1846 பிப்ரவரி 4-ந் தேதி நாவூவைவிட்டு முதல் வண்டிகள் மிசிசிப்பியைக் கடந்தன. சில நாட்களில் குளிரில் நதி உறைந்துபோய், பனிக்கட்டியின்மேலேயே வண்டிகளை ஓட்டினார்கள். வழியிலே நிலத்தை உழுது, விதை விதைத்து, வேலி போட்டுவிட்டு முன்னே போனார்கள். அறுக்கப்போகிறவர்கள் பின்னால் வருகிற முகந்தெரியாத சகோதரர்கள்! அப்படிப்பட்ட ஒரு இடத்துக்குப் பிஸ்கா மலை என்றே பெயர் வைத்தார்கள். நூறு பேருக்கு ஒரு தலைவன், ஐம்பது பேருக்கு ஒருவன், பத்துப் பேருக்கு ஒருவன். எத்திரோ மோசேக்குச் சொன்ன ஒழுங்கு அப்படியே. அந்தக் குளிர்காலத்தை மிசௌரி ஆற்றங்கரையில் குடிசைகளிலே கழித்தார்கள். வியாதியிலும் பசியிலும் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். 1847 ஏப்ரலில் 143 ஆண்கள், 3 பெண்கள், 2 பிள்ளைகள் அடங்கிய முன்கூட்டம் புறப்பட்டது. ஜூலை 24-ந் தேதி யங், காய்ச்சலோடு வண்டியில் படுத்தபடி, பெரிய உப்பு ஏரியின் பள்ளத்தாக்கைப் பார்த்தார்.

அது அப்போது மெக்சிகோ தேசத்தின் எல்லைக்குள் இருந்தது. ஆளில்லாத வனாந்தரமும் அல்ல. யூட், ஷோஷோனி, பையூட் என்று பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த பூமி. வாக்குத்தத்த தேசம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் அங்கே ஏற்கெனவே குடியிருக்கிறவனைப் பார்க்கிறதில்லை. அதற்கு ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம்.

அடுத்த 22 வருஷங்களில், 1869-ல் ரயில் பாதை வருகிறவரைக்கும், சுமார் 70,000 பேர் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பாதிக்கு மேல் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், அதிலும் அதிகம் இங்கிலாந்தின் ஆலைத்தொழிலாளிகள். யங் 1849-ல் ஒரு குடியேற்ற நிதியை உண்டாக்கினார். ஏழைக்குக் கப்பல் செலவும் வழிச்செலவும் கடனாகக் கொடுப்பார்கள். அவன் போய்ச் சேர்ந்து, உழைத்துத் திருப்பிக் கட்டினால் அந்தப் பணத்தில் அடுத்த ஏழை வருவான்.  அவர்களுடைய ஊழியர்கள் உலகமெங்கும் போனார்கள். 1853-ல் ரிச்சர்ட் பாலண்டைன் என்பவர் நம்முடைய சென்னைப் பட்டணத்துக்கே வந்து, பத்திரிகை ஒன்றையும் நடத்திப் பார்த்தார். பலன் சொற்பம்தான், அடுத்த வருஷமே திரும்பிவிட்டார்.

அதே சமயத்தில் பர்மாவுக்குப் போன ஒருவர் உண்டு. பெயர் லீவை சாவேஜ். அவரைப்பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1855-ல் யூட்டாவில் வெட்டுக்கிளி பயிரைத் தின்றுவிட்டது, நிதியில் பணம் இல்லை. மாட்டுவண்டி வாங்க முடியாது, ஏழைகள் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே வரட்டும் என்று யங் திட்டம் போட்டார். ஆளுக்கு 17 பவுண்டு சாமான்தான் எடுத்துக்கொள்ளலாம். 1856-ல் ஐந்து குழுக்கள் கிளம்பின. முதல் மூன்றும் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தன. கடைசி இரண்டும் கப்பலிலிருந்து இறங்கும்போதே தாமதம். ஏறக்குறைய 1,000 பேர். கிழவர்கள், கைம்பெண்கள், கைப்பிள்ளைக்காரிகள். காயாத பச்சை மரத்தில் அவசர அவசரமாய்ச் செய்த வண்டிகள். ஆகஸ்டு மாதத்தில் பிளாரன்ஸ் என்ற இடத்துக்கு வந்தபோது, இந்த வருஷம் இங்கேயே தங்குவதா, போவதா என்று முதல் குழுவில் கூட்டம் போட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் சாவேஜ் எழுந்தார். பர்மாவிலிருந்து திரும்பிவந்து, தன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஊழியக்காரர் அவர். முன்பு படைவீரனாக அந்த வனாந்தரத்தில் நடந்தவர். அந்தக் கூட்டத்தில் அந்த மலைகளைத் தெரிந்தவர்கள் சிலபேர்தான். இந்த நேரத்தில் புறப்பட்டால் பனியில் மாட்டுவோம், பலவீனரும் வயதானவர்களும் சாவார்கள் என்று கண்ணீரோடு சொன்னார். மற்றத் தலைவர்கள் என்ன சொன்னார்கள்? தேவன் நமக்காக வழியைக் காப்பார், பயப்படாதீர்கள் என்றார்கள். சாவேஜுக்கு விசுவாசக் குறைச்சல் என்று எண்ணினார்கள். ஓட்டுக்கு விட்டபோது ஜனங்கள் பெரும்பாலும் போவதற்கே கை தூக்கினார்கள். அப்போது சாவேஜ், நான் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நீங்கள் போனால் நானும் வருவேன், உங்களோடே பாடுபடுவேன், வேண்டுமானால் உங்களோடே சாவேன் என்ற பொருளில் பேசி, அவர்களோடே நடந்தார்.

செப்டம்பரில் பிராங்ளின் ரிச்சர்ட்ஸ் என்கிற அப்போஸ்தலர் வேகமான குதிரை வண்டியில் அவர்களைத் தாண்டிப் போனார். இங்கிலாந்திலிருந்து அவர்களை அனுப்பியவரே அவர்தான். வழி திறந்திருக்கும் என்று அவர் வாக்குக் கொடுத்ததாக, அந்தக் குழுவில் போன ஒருவர் பின்னால் எழுதிவைத்தார். அக்டோபர் 19-ந் தேதி பனிப்புயல் அடித்தது. மாவு தீர்ந்துபோனது. ஒரே இடத்திலே, ஒரே குழியிலே, 13 பேரைப் புதைத்தார்கள். இரண்டு குழுக்களிலும் 200-க்கு மேற்பட்டோர் செத்தார்கள்.

யங்கைப்பற்றி நியாயமாய்ப் பேசவேண்டும். அக்டோபர் 4-ந் தேதி ரிச்சர்ட்ஸ் வந்து, பின்னால் இன்னும் ஆட்கள் வருகிறார்கள் என்று சொன்னவுடனே, யங் அடுத்த நாள் ஆராதனையில் பிரசங்கத்தையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, கோவேறு கழுதை கொண்டுவா, வண்டி கொண்டுவா, மாவு கொண்டுவா, அவர்களைக் காப்பாற்றுவதுதான் இன்றைக்கு நம்முடைய பக்தி என்கிற கருத்திலே பேசினார். இரண்டு நாளில் வண்டிகள் கிளம்பிவிட்டன. மாதக் கடைசியில் அந்தப் பாதையிலே 250 வண்டிகள். அது இல்லாவிட்டால் ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள். ஆனாலும் நவம்பரிலே பிரசங்க பீடத்தில் நின்று அவர் பழியைப் போட்டது தாமதமாய் அனுப்பினவர்கள்மேல். திட்டத்தில் குறை இருந்ததாக அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் கை தூக்கின ஏழை இங்கிலாந்துக்காரன் பாவம் செய்தானா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவனுக்கு அந்த மலையைத் தெரியாது. தெரிந்தவர்களென்று அவன் நம்பினவர்கள் தேவனுடைய பெயரால் உறுதி சொன்னார்கள். அவன் ஏமாந்தான், தன் பிள்ளையைப் பனியில் புதைத்தான். கணக்கு உறுதி சொன்னவர்கள்மேல் வரும். தெரியாததைத் தெரிந்தது மாதிரி, அதுவும் கர்த்தருடைய நாமத்தைச் சேர்த்துச் சொல்வது, நம்முடைய பிரசங்க பீடங்களிலும் சர்வசாதாரணமாய் நடக்கிறது. கல்யாணத்துக்கு, வீடு கட்டுவதற்கு, மருந்தை நிறுத்துவதற்குக்கூட "கர்த்தர் சொல்லிட்டார்" என்கிறோம். மற்றவன் தள்ளவேண்டிய வண்டிக்கு நாம் வாக்குத்தத்தம் கொடுக்கிறோம்.

ஆனால் கேள்வி இதோடு தீர்ந்துவிடவில்லை. கைவண்டி விஷயத்தில் கீழ்ப்படிந்தவன் தானே பாடுபட்டான். கீழ்ப்படிந்ததால் வேறொருவன் செத்தால்?

1850-ல் யூட்டா அமெரிக்காவின் ஒரு பிரதேசமானது. ஜனாதிபதி பில்மோர் யங்கையே கவர்னராக நியமித்தார். பூர்வகுடிகள் விவகாரத்துக்கும் அவரே அதிகாரி. சபைக்குத் தலைவரும் அவரே. மேலே எப்படியோ கீழேயும் அப்படி. பல ஊர்களிலும் சபைத்தலைவனே ஊர்ப்படைக்கும் தளபதி. 1852-ல் பலதார மணத்தை வெளிப்படையாகவே அறிவித்தார்கள். வாஷிங்டனோடு விரோதம் முற்றியது. 1857-ல் ஜனாதிபதி புக்கானன் புதிய கவர்னரையும், அவரோடு சுமார் 2,500 படைவீரரையும் அனுப்பினார். செய்தி வந்ததும் பள்ளத்தாக்கே நடுங்கியது. மறுபடியும் மிசௌரியா? மறுபடியும் நம் பிள்ளைகளைச் சுடப்போகிறார்களா? பிரசங்கங்களில் அக்கினி பறந்தது. ஜார்ஜ் ஸ்மித் என்கிற அப்போஸ்தலர் தெற்கே ஊர் ஊராய்ப் போய், யுத்தத்துக்கு ஆயத்தமாகுங்கள், வழிப்போக்கருக்குத் தானியம் விற்காதீர்கள் என்று சொல்லிவந்தார்.

அந்த நேரம் பார்த்து ஆர்கன்சாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து போகிற குடும்பங்கள் அந்த வழியாய் வந்தன. சண்டைக்கு வந்தவர்கள் அல்ல. மாடு ஓட்டிக்கொண்டு, பெண்டு பிள்ளைகளோடு, இவர்களைப் போலவே பிழைக்க இடம் தேடிப் போகிறவர்கள். தானியம் கிடைக்காததால் வாய்ச்சண்டை வந்தது.

செப்டம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. சீடார் சிட்டி என்ற ஊரில் ஆராதனை முடிந்தபின் தலைவர்கள் கூடினார்கள். ஐசக் ஹைட் அந்தப் பகுதிச் சபைகளின் தலைவர், படையில் மேஜர். இந்த வழிப்போக்கரை முடித்துவிடவேண்டும் என்கிற பேச்சு வந்தது. லேபன் மோரில் என்பவர் எழுந்து, இது யாருடைய உத்தரவு என்று கேட்டார். பிரிகாம் யங்கின் எழுத்து இருக்கிறதா? இல்லை. அப்படியானால் ஆள் அனுப்பிக் கேளுங்கள், பதில் வருகிறவரை ஒன்றும் செய்யக்கூடாது என்று பிடிவாதமாய் நின்றார். ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் ஜேம்ஸ் ஹாஸ்லம் என்பவர் குதிரையேறி, 250 மைல் தூரம், 10-ந் தேதி காலையில் யங்கிடம் போய்ச் சேர்ந்தார். அந்த வழிப்போக்கரைத் தொடாதே, போகவிடு என்று யங் பதில் எழுதினார். ஹாஸ்லம் ஓய்வெடுக்காமல் அன்றே திரும்பினார்.

ஆனால் ஆள் போய்க்கொண்டிருக்கும்போதே மௌண்டன் மெடோஸ் என்கிற புல்வெளியிலே தாக்குதல் தொடங்கிவிட்டது. ஜான் லீ என்பவர், சில பையூட் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு, 7-ந் தேதி விடியற்காலையிலே அவர்களைத் தாக்கினார். அவர்கள் வண்டிகளை வட்டமாய் நிறுத்தி ஐந்து நாள் தாக்குப்பிடித்தார்கள். இடையிலே வெள்ளையர்களும் இதில் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துபோனது. உயிரோடே விட்டால் வெளியே சொல்லிவிடுவார்கள் என்கிற பயம் வந்தது. மேலதிகாரியான வில்லியம் டேமிடம் ஹைட் அனுமதி பெற்றார். 11-ந் தேதி லீ வெள்ளைக்கொடியோடு போய், ஆயுதங்களைக் கொடுத்துவிடுங்கள், உங்களைப் பத்திரமாய்க் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார். தண்ணீரில்லாமல் தவித்தவர்கள் நம்பினார்கள். சின்னப் பிள்ளைகளும் காயப்பட்டவர்களும் வண்டியில். பின்னால் பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும். அதற்குப் பின்னால் ஆண்கள் வரிசையாய், ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு படைவீரன். கொஞ்சதூரம் போனதும் சத்தம் கொடுக்கப்பட்டது. ஏறக்குறைய 120 பேர் செத்தார்கள். விஷயத்தைச் சொல்லத் தெரியாத வயது என்று எண்ணி 17 குழந்தைகளை மட்டும் விட்டார்கள்.

ஹாஸ்லம் யங்கின் கடிதத்தோடு வந்து சேர்ந்தது 13-ந் தேதி.

அந்தப் படைவீரர்கள் ரௌடிகள் அல்ல. விவசாயிகள், கொல்லர்கள், குடும்பஸ்தர்கள், காலையும் மாலையும் ஜெபிக்கிறவர்கள். அவர்களில் சிலர் மிசௌரியிலே பாடுபட்டவர்கள். தனக்குச் செய்யப்பட்டதை மறக்காதவன், தான் செய்வதைப் பார்க்காமல் போகிறான். தன்னிச்சையாய் ஒருவனும் போகவில்லை, கூப்பிட்டபடியால் போனான். கூப்பிட்டவர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணினவர். முடியாது என்றால் அது படைக்கட்டளையை மீறினதா, சபைக்கட்டளையை மீறினதா என்றுகூட அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒரே வாய் சொல்லுகிறது.

இங்கே நான் அவனை விடமாட்டேன். நிராயுதபாணியாய் உன் பக்கத்தில் நடந்து வருகிறவனைச் சுடுவது தப்பு என்று தெரிந்துகொள்ள மலைப்பாதை அனுபவம் தேவையில்லை. வேதத்தில் சவுல் ராஜா நோபின் ஆசாரியர்களைக் கொல்லச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற அவனுடைய சேவகர்கள் கை நீட்டவில்லை. ராஜாவுக்கு முன்பாகவே சும்மா நின்றார்கள். தோவேக்கு ஒருவன்தான் செய்தான். உரியாவைச் சாகவிடும்படி தாவீது எழுதின கடிதத்தை யோவாப் வாசித்து, கேள்வி கேட்காமல் நிறைவேற்றினான். நாத்தான் தாவீதிடம் போனார் என்பதால் யோவாப் சுத்தமானவன் என்று யாராவது சொல்லுவோமா? 1 இராஜாக்கள் 13-ம் அதிகாரத்தில் ஒரு கிழத் தீர்க்கதரிசி, தூதன் எனக்குச் சொன்னான் என்று பொய் சொல்லி, ஒரு தேவமனிதனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிடவைக்கிறான். ஏமாற்றினவன் கிழவன். வழியிலே சிங்கம் கொன்றதோ ஏமாந்தவனை. நான் பலமுறை வாசித்து, இது என்ன நியாயம் என்று வருத்தப்பட்ட பகுதி இது. அந்த மனிதனுக்குத் தேவனே நேரடியாய்ச் சொல்லியிருந்தார், அதை இன்னொருவருடைய வாய்க்காக விட்டுக்கொடுத்தான். அந்தப் புல்வெளியில் நின்றவனுக்கும் மனசாட்சி ஏற்கெனவே சொல்லியிருந்தது.

அப்படியானால் யங் தப்பித்துக்கொண்டாரா? அவர் எழுதின பதில் கொல்லச் சொல்லவில்லை, போகவிடச் சொன்னது. அது அவருக்குச் சாதகம், மறைக்கக்கூடாது. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்க 250 மைல் ஆள் போய்வரவேண்டிய நிலைமையை யார் உண்டாக்கினது? தன் ஊரிலே தன் மனசாட்சியால் முடிவு செய்ய ஒருவனையும் பழக்காமல், பயத்தை மட்டும் பிரசங்கித்து ஆயுதமும் கொடுத்துவிட்டால், ஒரு நல்ல கடிதம் இரண்டு நாள் தாமதமாய் வரத்தான் செய்யும். பின்னால் பழியையெல்லாம் பையூட் ஜனங்கள்மேல் போட்டு வருஷக்கணக்காய் மூடிவைத்தார்கள். 1858-ல் ஆல்பிரட் கம்மிங் புதிய கவர்னராக வந்தபின்னும் வெளிப்படையாய்ச் சாட்சிசொல்ல ஆள் கிடைப்பது அரிதாயிருந்தது. 2007-ல், 150 வருஷம் கழித்து, அந்தப் புல்வெளியில் நடந்த நினைவுக்கூட்டத்திலே அந்தச் சபையின் தலைவர்களில் ஒருவர் வருத்தம் தெரிவித்தார்.

கிதியோனிடம் ஜனங்கள் வந்து நீரே எங்களை ஆளும் என்றபோது, அவன் மாட்டேன் என்றான். மீதியானியரை ஜெயித்த கையோடு அப்படிச் சொல்ல எவ்வளவு பெலன் வேண்டும்! யங்குக்கும் ஸ்மித்துக்கும் முன்னால் அதே வாசல் திறந்திருந்தது. வனாந்தரத்தைக் கடந்தபின் கோலை ஒருவனிடமும், பட்டயத்தை இன்னொருவனிடமும் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஜனங்களும் கேட்கவில்லை. கொண்டுவந்து சேர்த்தவரிடம் எப்படிக் கேட்பது என்கிற நன்றியுணர்ச்சி. நன்றி நல்லதுதான். ஆனால் நன்றிக்காக மனசாட்சியை அடகுவைத்தால் அதை மீட்க யாராலும் முடியாது.

ஜான் லீ ஒருவருக்குத்தான் தண்டனை கிடைத்தது. அவர் ஒருகாலத்தில் யங்குக்குச் சுவிகாரபுத்திரன் மாதிரி இருந்தவர். 1870-ல் சபையைவிட்டு நீக்கினார்கள். 1875-ல் நடந்த முதல் விசாரணையில் ஜூரிகள் ஒருமனப்படவில்லை. 1876-ல் இரண்டாம் விசாரணை. 1877 மார்ச் 23-ந் தேதி அதே புல்வெளிக்குக் கொண்டுபோய், தன் சவப்பெட்டியின்மேல் உட்காரவைத்துச் சுட்டார்கள். மற்றவர்கள் செய்ததற்கெல்லாம் சேர்த்துத் தன்னைப் பலியாக்கிவிட்டார்கள் என்று கடைசிவரை சொன்னார். அதில் பாதி உண்மை. ஹைட்டும் டேமும் தண்டனையில்லாமலே செத்தார்கள். யங் அந்த ஆகஸ்டு மாதமே காலமானார்.

அந்த இரண்டாம் விசாரணையில் சாட்சிக்கூண்டில் ஏறினவர்களில் லேபன் மோரில் ஒருவர். 19 வருஷத்துக்குமுன் அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தான் என்ன கேட்டேன், என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதை ஒவ்வொன்றாய்ச் சொன்னார். ஆள் திரும்பிவருகிறவரை யாரையும் தொடமாட்டோம் என்று தலைவர்கள் சொன்னதை நம்பி, அன்று சாயங்காலம் அவர் தன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.